நிலாவைத் துரத்தும் லில்லிப்பூ

ஈஸ்டர் நெருங்கினால் அமெரிக்காவில் பசுமைக்குடில் வைத்திருப்பவர்களுக்குத் தூக்கம் போய்விடும். காரணம் ஈஸ்டர் லில்லி. எக்காளம் மாதிரி விரியும் வெள்ளைப் பூ. உயிர்ப்பு ஞாயிறன்று தேவாலயப் பீடத்தைச் சுற்றித் தொட்டி தொட்டியாக நிறுத்தி வைப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பூவுக்கும் ஈஸ்டருக்கும் இயற்கையில் ஒட்டுமில்லை உறவுமில்லை. தோட்டத்தில் சும்மா விட்டால் ஜூன், ஜூலையில்தான் பூக்கும். சொந்த ஊர், ஜப்பானுக்குத் தெற்கே இருக்கும் ரியூக்யூ தீவுகள்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெர்முடா தீவில் இதைப் பயிரிட்டு அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1898 வாக்கில் வைரஸ் நோய் வந்து அந்தத் தொழில் படுத்துவிட்டது. அப்புறம் ஜப்பான் கிழங்குதான். வருஷாவருஷம் கப்பலில் வரும், அமெரிக்கர்கள் தொட்டியில் வைத்துப் பூக்கவைத்து விற்பார்கள்.

1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தது. கிழங்கு வரத்தும் நின்றது.

இந்த இடத்தில்தான் ஒரு பெட்டி உள்ளே வருகிறது. லூயிஸ் ஹௌட்டன் என்பவர் 1919-ல் ஆரிகன் மாநிலத்தின் தென்கடற்கரைக்கு ஒரு பெட்டி நிறைய லில்லிக் கிழங்கு கொண்டுவந்து, செடிப் பைத்தியங்களான நண்பர்களுக்குக் கொடுத்திருந்தார். இருபது வருஷமாக அது பொழுதுபோக்கு. போர் வந்ததும் விலை எகிறி, 'வெள்ளைத் தங்கம்' என்றே பெயர் வந்துவிட்டது. 1945-ல் பசிபிக் கரையில் சுமார் 1,200 பேர் கிழங்கு பயிரிட்டார்கள்.

அதே கரையில் வேறொன்றும் நடந்தது. பிழைக்க வந்த ஜப்பானியர்கள் கலிபோர்னியாவில் பூ வளர்த்து, 1912-ல் சான்பிரான்சிஸ்கோவில் தங்களுக்கென்று ஒரு பூச்சந்தையையே நிறுவியிருந்தார்கள். 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவால், ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே பிறந்த குடிமக்கள்! நிலத்தையும் பசுமைக்குடிலையும் வந்த விலைக்கு விற்றவர்கள் பலர். அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் என்று சட்டம் போட்டது 1988-ல். வெள்ளைத் தங்கம் பற்றி எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள். வெளியூரில் பிழைக்கும் நமக்கு அப்படித் தாண்ட முடியவில்லை.

போருக்குப் பிறகு பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். இன்று கலிபோர்னியா-ஆரிகன் எல்லையில் ஸ்மித் ரிவர், ப்ரூக்கிங்ஸ் பக்கம் ஒரு சில குடும்பப் பண்ணைகளே மிச்சம். அமெரிக்காவில் தொட்டியில் விற்கும் ஈஸ்டர் லில்லிக்குக் கிழங்கு ஏறக்குறைய முழுக்க அங்கிருந்துதான் போகிறது. ஒரு கிழங்கு விற்பனைக்குத் தயாராக மூன்று வருஷம் ஆகும். வருஷாவருஷம் தோண்டி எடுத்து, மறுபடி நடவேண்டும்.

சரி, ஜூலைப் பூவை ஈஸ்டருக்குக் கொண்டுவருவது எப்படி? இலையுதிர்காலத்தில் தோண்டிய கிழங்கை ஈரத்தோடு சுமார் 1,000 மணி நேரம் குளிரில் வைக்கிறார்கள். குளிர்காலம் முடிந்துவிட்டது என்று கிழங்கை ஏமாற்றும் வேலை! பிறகு பசுமைக்குடிலில் வெப்பம்.

சிக்கல் தேதியில். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். (பௌர்ணமி என்பது திருச்சபைக் கணக்குப்படி. நம் பஞ்சாங்கத்தோடு ஒருநாள் முன்பின் இருக்கலாம்.) 2008-ல் மார்ச் 23-க்கே வந்துவிட்டது, 2011-ல் ஏப்ரல் 24. ஒரு மாத வித்தியாசம், செடி என்ன செய்யும் பாவம்! அதனால் ஜனவரியில் சில செடிகளைப் பிரித்து, இன்னும் எத்தனை இலை விரியவேண்டும் என்று ஊசிமுனையால் எண்ணுகிறார்கள். மீதி நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு எத்தனை இலை என்று வரும். அதற்கேற்ப வெப்பத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். மொட்டு கண்ணுக்குத் தெரிந்தபின் பூக்க இன்னும் ஒரு மாதம் போல ஆகும்.

முகூர்த்த நாளில் மதுரை மல்லி விலை ஏறுவது நமக்குத் தெரியும். இந்த முகூர்த்தம் போனால் அடுத்தது வரும். லில்லிக்கு வருஷத்தில் ஒரே ஞாயிறு. திங்கட்கிழமை அதைச் சீந்த ஆளில்லை.

கடைக்காரர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. பூ விரிய விரிய உள்ளேயிருக்கும் மஞ்சள் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் வெள்ளை இதழிலும் வாங்குகிறவர் சட்டையிலும் கறை. கிள்ளினால் பூ கூடுதல் நாள் தாங்கும்.

வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் மட்டும் இந்தச் செடியை உள்ளே கொண்டுவராதீர்கள். இலையோ மகரந்தமோ கொஞ்சம் வாயில் பட்டாலே அதன் சிறுநீரகம் போய்விடும்.