கற்க வேண்டியவர் யார்?

தமிழில் மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசம் மனித குலத்திற்குப் புதியதன்று; அதனை அறிந்து பெயரிட்டமையே புதிது. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய மருத்துவர் லியோ கேனர், 11 குழந்தைகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையே இத்துறைக்கு அடிகோலியது. ஆயினும் அறிவு பிறந்த சூட்டோடு பழியும் பிறந்தது. தாயரின் அன்பின்மையே இந்நிலைக்குக் காரணம் என்னும் கருத்து பல்லாண்டுகள் ஓங்கி நின்றது. மதியிறுக்கமுடைய மகனைப் பெற்ற உளவியலறிஞர் பெர்னார்ட் ரிம்லண்ட், 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அக்கருத்தை மறுத்து, உடற்கூறு சார்ந்த காரணங்களை எடுத்துரைத்தார்.

பெற்றோர் மீதிருந்த பழி மெல்ல நீங்கிற்று. வீதியிலோ அறியாமை நீடித்தது. முகம் நோக்காதவன் குற்றவாளி, கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்பவன் ஏளனக்காரன், கட்டளைக்கு உடனே பணியாதவன் எதிர்ப்பாளன் எனக் காவலர் கொள்வதுண்டு. மதியிறுக்கமுடையோர் பலருக்கு இம்மூன்றும் இயல்பு என்பதை அவர்க்கு உணர்த்துவார் அரியர்.

அவ்வறியாமையின் விலையை 2016ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் புளோரிடா மாநிலத்தின் வடக்கு மயாமி நகரம் கண்டது. காப்பகத்தினின்று வெளியேறிய மதியிறுக்கமுடைய ஓர் இளைஞர், பொம்மை லாரி ஒன்றைக் கையிலேந்திச் சாலையில் அமர்ந்திருந்தார். அதனைத் துப்பாக்கியென ஐயுற்ற ஒருவர் காவல் துறைக்குத் தகவல் தந்தார். அவரை அழைத்துச் செல்ல வந்த பராமரிப்பாளர், கைகளை உயர்த்தியவாறு தரையிற் படுத்து, அது வெறும் பொம்மை என உரக்கக் கூவினார். அதன் பின்னரும் காவலர் ஒருவர் மும்முறை சுட்டார். குண்டு பராமரிப்பாளரின் காலிற் பாய்ந்தது.

மறு ஆண்டிலேயே அம்மாநிலம் காவலர்க்கு மதியிறுக்கம் பற்றிய பயிற்சியளிக்கச் சட்டமியற்றியது. கேனரின் கட்டுரை வெளிவந்து அப்போது 74 ஆண்டுகள் கடந்திருந்தன. இத்தகைய பயிற்சியின் பாடங்கள் எளியவை: இயன்றவிடத்து அபாயச் சங்கை நிறுத்துக, சுழல்விளக்கை அணைக்க, சிறு சொற்களால் பேசுக, விடைக்குக் காத்திருக்க, தேவையின்றித் தொடற்க.

வேலை வழங்குவோர்க்கும் இதனையொத்த பாடம் தேவைப்பட்டது. நேர்முகத் தேர்வில் கண்ணோக்கும் நாவன்மையும் மதிப்புப் பெறுவதால், திறன் மிக்கோர் பலர் வாயிலிலேயே தடுக்கப்பட்டனர். டென்மார்க்கில் தோர்கில் சோன்னே என்பார், தம் மகனுக்கு மதியிறுக்கம் இருப்பதறிந்து, 2004ஆம் ஆண்டில் ஸ்பெஷலிஸ்டர்னே நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கு வினாவிடைக்கு மாறாக, லெகோ கட்டைகளால் இயந்திரப் பொம்மை செய்வித்துத் திறன் அறியும் முறை கையாளப்பட்டது. 2013ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எஸ்ஏபி நிறுவனமும் அந்நிறுவனத்துடன் கைகோத்து இவ்வழியிற் சென்றது.

சிங்கப்பூரிலும் இவ்வுணர்வு வேரூன்றியது. மதியிறுக்கம் உள்ளிட்ட குறைபாடுடையோரைக் காவலர் விசாரிக்கையில், பயிற்சி பெற்ற தொண்டூழியர் ஒருவர் உடனிருக்கும் திட்டம், 2013ஆம் ஆண்டில் பிடோக் காவல் பிரிவில் முன்னோட்டமாகத் தொடங்கி, 2015ஆம் ஆண்டில் நாடு முழுதும் விரிவடைந்தது.

மதியிறுக்கமுடையவரை உலகத்திற்கேற்பத் திருத்துவதே கல்வி என நெடுங்காலம் எண்ணப்பட்டது. சீருடை அணிந்தவரும் வேலை தருபவரும் கூடக் கற்க வேண்டியவரே என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. அப்பாடத்தைக் காலந்தாழ்த்திக் கற்றமைக்கு, தரையிற் படுத்துக் கையுயர்த்திய ஒருவர் தம் குருதியால் விலை தந்தார்.