பெயர் மாறாத வண்டிகள்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டு ஊர் திரும்புகிறவர் பைக்கை விற்றுச் செல்வதுண்டு. ஆர்.சி. புத்தகமும், கையெழுத்து மட்டுமிட்ட 29, 30-ஆம் படிவங்களும் கைமாறும், பெயர் மாறாது. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 'உரிமையாளர்' என்பதைப் பதிவேட்டுப் பெயரோடு பிணைக்கவில்லை. 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டமோ, பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளர் என்றது. விற்றவர் அதை 14 நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும். (எத்தனை பேர் தெரிவிக்கிறார்கள்?)

2009-இல் விபத்துக்குள்ளான ஒரு காரை, பதிவு உரிமையாளர் 2007-லேயே விற்றிருந்தார். பிறகும் அது கைமாறியது. ஆயினும் இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாங்கியவர் பாடு வேறு. நாங்கள் அறிந்த தையல்காரர் ஒருவர், கடன் தீர்ந்ததற்கான 35-ஆம் படிவத்தில் கையெழுத்துக்காக, விற்றவரைத் தேடி மூன்று முறை தேனிக்குப் போனார். வண்டி இன்னும் பழைய பெயரில்தான் ஓடுகிறது.