ரோஜா இலையில் கரும்புள்ளி, விரியாத மொட்டு: மருந்து அடிக்கும் முன் என்ன பார்க்கணும்?

நர்சரியில் வாங்கும்போது நாலு மொட்டோடு இருந்த ரோஜா, மூணே மாசத்தில் வெறும் குச்சியாகி நிற்கும். முசிறி, தொட்டியம், ஸ்ரீரங்கம் என காவிரிக் கரையோரம் மாடியிலும் வாசலிலும் ரோஜா வைத்த பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். அடுத்த ஓட்டம் மருந்துக் கடைக்கு. "ரோஜாவுக்கு ஏதாவது கொடுங்க"ன்னு கேட்டால், ஏதோ ஒரு பூச்சிக்கொல்லி பாட்டில் கைக்கு வந்துவிடும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ரோஜாவை மொட்டையடிக்கும் கரும்புள்ளி பூச்சியால் வருவது இல்லை, அது பூஞ்சை. பூச்சிக்கொல்லியை எவ்வளவு அடித்தாலும் பூஞ்சைக்கு ஒன்றும் ஆகாது. அதனால் முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். எந்த மாசம் என்பதையும் பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

மழை மாசத்தில் கரும்புள்ளி

திருச்சி வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வருவது இதுதான். இலை மேல் ஓரம் சிதறிய மாதிரி கருப்பு வட்டங்கள் தெரியும். சுற்றி மஞ்சளாகும். பிறகு இலை உதிரும். கீழ் இலையில் ஆரம்பித்து மேலே ஏறும்.

இந்தப் பூஞ்சையின் வித்து முளைத்து இலைக்குள் நுழைய, இலை தொடர்ந்து சுமார் 7 மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். சாயங்காலம் ஹோஸ் பைப் பிடித்து செடியைக் குளிப்பாட்டுவது, ராத்திரி முழுக்க அந்த ஈரத்தை நாமே கொடுப்பது மாதிரி. தண்ணீரைக் காலையில், வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். உதிர்ந்த இலைகளைத் தொட்டியிலேயே விடாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள், வித்துகள் அதில்தான் தங்கும். தொட்டிகளை நெருக்கி வைக்காதீங்க, காற்று போகணும். இவ்வளவு செய்தும் பரவினால் கார்பென்டசிம் பூஞ்சைக்கொல்லியை 1 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கலந்து தெளிக்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு இது. புள்ளி விழுந்த இலை திரும்பப் பச்சையாகாது. புதுத் தளிர் சுத்தமாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மார்கழிப் பனியில் வெள்ளைப் பொடி

தளிரிலும் மொட்டுக் காம்பிலும் திருநீறு தூவிய மாதிரி இருந்தால் அது சாம்பல் நோய். இதுவும் பூஞ்சைதான், ஆனால் குணம் வேற. இதற்கு இலை நனைய வேண்டிய அவசியமே இல்லை. குளிர்ந்த ராத்திரியும் ஈரக்காற்றும் போதும். நனையும் கந்தகத்தூள் 1 லிட்டருக்கு 2 கிராம் கலந்து அடித்தால் கட்டுப்படும். பால் தெளிக்கச் சொல்லி வரும் வீடியோக்களும் முழுக்கக் கட்டுக்கதை இல்லை. 1999இல் பிரேசிலில் சுக்கினிச் செடியில் நடந்த ஆய்வில் 1 பங்கு பாலுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்த கரைசல் சாம்பல் நோயைக் குறைத்தது. நோய் லேசாக இருக்கும்போது முயற்சி பண்ணலாம்.

ஒரு எச்சரிக்கை: நம்ம ஊர் பங்குனி, சித்திரை வெயிலில் கந்தகம் அடித்தால் இலை பொசுங்கும். வேப்பெண்ணெய் தெளித்த 2 வாரத்துக்குள்ளும் அடிக்கக் கூடாது.

சித்திரையில் சிவப்புச் சிலந்தி

வெயில் ஏறியதும் இலை மங்கி, ஊசியால் குத்தின மாதிரி வெளிர்ப் புள்ளிகள் விழும். ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். மிளகாய்த்தூள் துகள் மாதிரி ஏதாவது நகர்ந்தால் அதுதான் செஞ்சிலந்தி. அதற்கு 8 கால், பூச்சி இனமே கிடையாது. அதனால் வழக்கமான பூச்சிக்கொல்லிகள் பல இதற்கு வேலை செய்யாது. அதைவிட மோசம், இதைப் பிடித்துத் தின்னும் சின்னச் சின்ன உயிர்களை அந்த மருந்து கொன்றுவிடும். அப்புறம் சிலந்தி இன்னும் பெருகும். மலிவான வைத்தியம் தண்ணீர்தான். இலையின் அடிப்பக்கம் வேகமாகப் படுகிற மாதிரி 2, 3 நாளைக்கு ஒருமுறை காலையில் பீய்ச்சி அடியுங்கள். வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடுவதால் கரும்புள்ளி பயம் அப்போது குறைவு.

மொட்டு ஓரம் கருகி விரியாமல் நின்றால் இலைப்பேன் வேலை. அந்த மொட்டைக் கிள்ளி, கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தண்டில் மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ ஒட்டியிருந்தால் பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர் போதும். எறும்பு வரிசையாக ஏறினால் மேலே மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கும் என்று அர்த்தம். அசுவினிக்கு 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து வெயில் இறங்கியதும் தெளிக்கலாம். பொறிவண்டு கண்ணில் பட்டால் அதுவும் வேண்டாம், அது அசுவினியைத் தின்னும்.

கவாத்து செய்த கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருத்துக்கொண்டே வந்தால் சும்மா விடாதீங்க. கருப்புக்குக் கீழே 2 அங்குலம், பச்சைத் தண்டில் சாய்வாக வெட்டி, வெட்டிய இடத்தில் காப்பர் ஆக்சிகுளோரைடு பசை தடவுங்கள். கத்தரியைத் துடைத்த பிறகே அடுத்த கிளையைத் தொடணும்.

வயல் மருந்து வீட்டுக்குள் வேண்டாமே

வீட்டு ரோஜாவைத் தலையில் வைக்கிறோம், சாமிக்குப் போடுகிறோம், குழந்தைகள் இதழைப் பிய்த்து வாயில் போடும். வயலுக்கு வாங்கி மிச்சமான மருந்தை இதில் அடிப்பது ஆபத்து. மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005லேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் இருந்தது இதே மருந்துதான். மருந்தை வேறு பாட்டிலுக்கு மாற்றி வைப்பதோ, காலி டப்பாவைக் கழுவிப் பயன்படுத்துவதோ கூடவே கூடாது.

என்ன நோய் என்று பிடிபடவில்லையா? பாதித்த இலையை ஒரு கவரில் போட்டு, திருச்சி மாவட்டத்துக்காரர்கள் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம். மற்ற ஊர்க்காரர்கள் கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551இல் தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் இல்லை.