குதிரை இழுத்துப் பார்த்த பிரேக்!

1657. ஜெர்மனியின் மாக்டபர்க் நகரம். காற்றை உறிஞ்சியெடுத்த இரண்டு செப்பு அரைக்கோளங்களைக் குதிரைப் பட்டாளமே கட்டி இழுத்தது. ம்ஹூம், பிரியவில்லை! ஓட்டோ ஃபான் கேரிக்கேவின் வித்தை. வெளிக்காற்றின் அழுத்தம் அப்படி.

அதே அழுத்தம் 1927-ல் வேலைக்குச் சேர்ந்தது. பெல்ஜியக்காரர் ஆல்பர்ட் டெவாந்த்ரின் சர்வோ பிரேக்கை பாஷ் கம்பெனி லாரிகளுக்குக் கொண்டுவந்தது.

பம்மல் ஷெட்டில் உங்கள் பழைய அம்பாசடருக்கு டிஸ்க் பிரேக் மாட்டுகிறீர்களா? பானெட்டுக்குள் இடமில்லை, ‘சின்ன பூஸ்டர் போதும் சார்’ என்பார்கள். உஷார்! 9 அங்குல விட்டம் 7 ஆனால், பரப்போடு சேர்ந்து பலமும் சுமார் 40 சதவிகிதம் போச்சு. இரட்டை டயாஃப்ரம் வைத்த 7 அங்குலம் கேளுங்கள். கொஞ்சம் நீளம்தான், ஆனால் ஈடுகட்டிவிடும். டீசல் இன்ஜின் என்றால் வாக்குவம் பம்ப்பும் தனியாக வேண்டும்.