மழைக்கு வந்து வெயிலுக்கு ஓடுற கோளாறு

திருவொற்றியூர்ல எங்க காம்பவுண்டுக்கு ஒரு ராசி. அடைமழை பெஞ்சா மோட்டார் ரூம் லைன் ட்ரிப் ஆகும். எலக்ட்ரீசியன் அண்ணன் வர்றதுக்குள்ள வெயில் அடிச்சிடும். மெக்கர் வெச்சுப் பார்த்தா கேபிள் சுத்தம்! "நல்லாத்தான சார் இருக்கு"ன்னு போயிடுவார். மண்ணுக்குள்ள எங்கயோ கசியுது, மேல தேங்கின தண்ணியில பசங்க காகிதக் கப்பல் விடுறாங்க. எனக்குத் தூக்கம் போச்சு.

தேடிப் படிச்சா, இது மெட்ராசோட பழைய வியாதி! இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895 மே 7 அன்று இங்கேதான் ஓடத் தொடங்கியது. அப்போ தலைக்கு மேல கம்பி கிடையாது. தண்டவாளத்துக்கு நடுவுல நீளமா ஒரு பிளவு, அதுக்குக் கீழ சின்னக் கால்வாய், அதுக்குள்ள மின்கம்பி. வண்டியோட அடியிலிருந்து ஒரு கை இறங்கி கரண்டை எடுத்துக்கும். லண்டன்ல இதே முறை 1952 வரை தாக்குப் பிடிச்சது. நம்ம பருவமழை சும்மா விடுமா? கால்வாய் நிறைய தண்ணி. கடைசியில கம்பியை மேல தூக்கிக் கட்டினாங்க. (1953 ஏப்ரல் 12ல டிராமே நின்னுபோனது தனிக்கதை.)

ஆனா மேல கட்டினா புயல்ல சாயுது. 2016 வர்தாவை மறக்க முடியுமா? அதனால கேபிள் மறுபடி மண்ணுக்குள்ள.

புதைச்ச கேபிள்ல பழுதைத் தேட 'முர்ரே லூப்'னு ஒரு பழைய வழி உண்டு. கெட்ட கம்பியை மறுமுனையில நல்ல கம்பியோட சேர்த்துட்டு, வீட்ஸ்டன் பாலத்துல மின்தடை விகிதம் பார்ப்பாங்க. கேபிள் 200 மீட்டர்னா போக வர 400. விகிதம் ஐந்தில் ஒரு பங்குன்னா 80வது மீட்டர்ல தோண்டலாம். கணக்கு அவ்வளவுதான்.

சிக்கல் என்னன்னா, பழுது முழுசா விழுந்திருந்தாத்தான் இது பலிக்கும். ஈரம் காய்ஞ்சு பழுது ஒளிஞ்சுக்கிட்டா பாலம் ஊமை. அதனால பெரிய கேபிள்கள்ல உயர் அழுத்தம் கொடுத்து அந்த இடத்தை வேணும்னே கருக்கிடுவாங்க. அரைகுறை பழுதை முழுப் பழுதாக்கிட்டு அப்புறம் பிடிக்கிறது!

அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். சிரிச்சார். "அதுக்கு எதுக்கு சார் அவ்ளோ பெரிய மெஷினு?"

மறுநாள் மெயினை இறக்கி, மெக்கரை மாட்டிட்டு, கேபிள் போற வழியெல்லாம் குடம் குடமா தண்ணி ஊத்தச் சொன்னார். பதினோராவது குடத்துல முள் சரிஞ்சது. தோண்டினா, வெறும் டேப் சுத்தின ஒரு ஜாயிண்ட். உள்ள செம்பு பச்சை பூத்துக் கிடந்தது.