ஒழுகுற ஆங்கிள் காக்கும் ஒரு பித்தளைப் பட்டறையும்

போன வாரம் பூரா எங்க வீட்டு கக்கூஸ் தரை காயவே இல்ல. குனிஞ்சு பார்த்தா, ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணி விடுற ஆங்கிள் காக்குல, திருகுற பிடிக்குக் கீழே சொட்டிக்கிட்டு இருக்கு. அடியில ஒரு லிட்டர் மக்கை வச்சேன். பத்து நிமிஷத்துல நிறைஞ்சிடுச்சு. கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு 144 லிட்டர். பத்து குடத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். எங்கம்மா ஊர்க்கிணத்துல இருந்து தினமும் சுமந்தது எட்டு குடம்.

இப்படி ஒழுகிப் போயிடும்னு பயந்தே ஒரு காலத்துல லண்டன்காரனுக்கு நாள் முழுக்கத் தண்ணி கிடைக்கல. 1840-கள்ல அங்கே தண்ணி விட்டது தனியார் கம்பெனிகள். ஏழைங்க தெருவுல வாரத்துல சில நாள், அதுவும் கொஞ்ச நேரம்தான் வரும். தொட்டி, பீப்பாய், வாளின்னு பிடிச்சு வச்சுக்கணும். நம்ம சென்னைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்ல. நாட்டிங்காம் ஊர்ல தாமஸ் ஹாக்ஸ்லிங்கற என்ஜினியர் 1830-கள்லயே குழாயில எந்நேரமும் அழுத்தத்தோட தண்ணி விட்டுக் காட்டியிருந்தார். ஆனாலும் லண்டன் கம்பெனிகள் மசியல. வீட்டுக் குழாயெல்லாம் ஒழுகும், விரயத்துக்கு யார் பொறுப்புன்னு கேட்டாங்க.

அவங்க சொன்னதுலயும் உண்மை இருந்தது. அன்னிக்கு இருந்த குழாய் ரோமானியர் காலத்து அமைப்பு. பித்தளைக் கூட்டுக்குள்ள ஒரு கூம்பு ஆப்பு, அதுல குறுக்கே ஒரு ஓட்டை. கால் சுத்து சுத்தினா திறக்கும், திருப்பினா அடைக்கும். உலோகத்தோட உலோகம் தேயத் தேயக் கசியும். சட்டுனு அடைச்சா குழாயே அதிரும். மோட்டார் நிக்கும்போது பைப் 'டம்'முனு அடிக்குமே, அந்த மாதிரி.

1845-ல ராதர்ஹாம் ஊர்ல கெஸ்ட் அண்ட் கிரிம்ஸ்ங்கற பித்தளைப் பட்டறை திருகுக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கிச்சு. மரை போட்ட தண்டைத் திருகினா அது மெதுவா கீழ இறங்கி, அடியில இருக்கற தோல் வாஷரைத் தண்ணி வர்ற வாய் மேல அழுத்தும். தேஞ்சா வாஷரை மட்டும் மாத்தினாப் போதும். என்னைக் கேட்டா நீராவி என்ஜினுக்குக் கிடைச்ச பேர்ல கால்வாசியாவது இந்தத் தோல் வட்டத்துக்குக் கிடைச்சிருக்கணும்.

லண்டனுக்கு எந்நேரமும் தண்ணிங்கறது அதுக்கப்புறமும் லேசுல வரல. 1852-ல ஒரு சட்டம், 1871-ல இன்னொன்னு. ரெண்டாவதுல வீட்டுக் குழாய், வால்வெல்லாம் எப்படி இருக்கணும்னு விதி போட வழி செஞ்சாங்க. ஃப்ளஷ் டேங்குக்கே அங்க 'தண்ணீர் விரயத் தடுப்பான்'னுதான் பேரு.

சரி, நம்ம ஒழுகலுக்கு வருவோம். திருகுக் குழாய்ல தண்ணி ரெண்டு இடத்துல தப்பிக்கும். அடைச்ச பிறகும் டேங்குக்குத் தண்ணி போய்க்கிட்டே இருந்தா வாஷர் போச்சு. பிடிக்குக் கீழே சொட்டினா, தண்டு வெளிய வர்ற வழியில கசியுது. அந்த இடத்துல அந்தக் காலத்துல கொழுப்பு தடவின சணலைத் திணிச்சு, மேல ஒரு நட்டு போட்டு இறுக்குவாங்க. பம்புல நாம கிளாண்ட் கயிறு போடுறோமே, அதே சங்கதி. இப்ப கடையில நிறைய வர்றது கால் சுத்து காக்கு. உள்ள வழவழன்னு ரெண்டு பீங்கான் தட்டு இருக்கும். கெட்டா உள்பாகத்தையே மாத்தணும். எங்க வீட்டுது பழைய திருகுதான்.

மொட்டைமாடித் தொட்டியோட கேட் வால்வை அடைச்சேன். ஃப்ளஷ் பண்ணி மிச்சத் தண்ணியை வடிச்சேன். முதல்ல கிளாண்ட் நட்டைக் கால் சுத்து இறுக்கிப் பார்த்தேன், சொட்டு நிக்கல. பிடியைக் கழட்டி, நட்டை எடுத்தா உள்ள இருந்த வளையம் பொடிஞ்சு கையோட வருது. டெஃப்லான் டேப்பைக் கயிறு மாதிரி முறுக்கி, தண்டைச் சுத்தி நாலு சுத்து சுத்தி, நட்டைப் போட்டு இறுக்கினேன்.

மூணு நாளாச்சு, தரை காஞ்சு கிடக்கு. பிடிதான் கொஞ்சம் இறுக்கமா இருக்கு. அப்பாவால திருக முடியல. நாளைக்கு நட்டை ஒரு நூல் தளர்த்திப் பார்க்கணும்.