என்ஜினைத் தாங்கும் ரப்பர்

தென்காசியிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகப் புனலூர் செல்லும் சாலையில் ரப்பர் தோட்டங்களைக் காணலாம். இம்மரத்தின் விதைகளை 1876-ல் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டு சென்றவர் ஹென்றி விக்காம். அங்கு முளைத்த கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு வந்தன. பிறகு தென்னிந்திய மலைகளிலும் ரப்பர் பரவியது. டயருக்கு மட்டுமல்ல, காரின் அதிர்வை அடக்கவும் இந்த ரப்பரே கைகொடுத்தது.

ஆரம்ப காலத்தில் பல கார்களில் என்ஜினை நேராகச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கினார்கள். என்ஜின் குலுங்கினால் காரே குலுங்கும். 1931-ல் கிரைஸ்லர் நிறுவனம் பிளைமவுத் காரில் 'ஃப்ளோட்டிங் பவர்' என்ற முறையைப் புகுத்தியது. முன்னே மேலாகவும் பின்னே தாழ்வாகவும் ரப்பர் மவுண்ட்கள் என்ஜினைத் தாங்கின. என்ஜின் தன் போக்கில் ஆடியது. பயணிகளுக்கு அதிர்வு குறைந்தது.

பந்தயக் கார்களோ எதிர்த்திசையில் சென்றன. 1967-ல் வந்த லோட்டஸ் 49 காரில் என்ஜினே உடலின் ஒரு பகுதி. ரப்பருக்கு அங்கே இடமில்லை. எடை குறைந்தது, உறுதி கூடியது.

இந்த ஆசையில்தான் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் பலர் ரப்பரைக் கழற்றிவிட்டுக் கெட்டியான பாலியூரித்தேன் மவுண்ட் போடுகிறார்கள். கியர் துல்லியமாக விழும், உண்மைதான். ஆனால் 800 ஆர்.பி.எம்.-ல் சும்மா ஓடும் நான்கு சிலிண்டர் என்ஜின் விநாடிக்குச் சுமார் 27 முறை உலுக்கும். அது முழுக்க ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் தெரியும்.

பந்தய வீரர் அதைச் சில மணி நேரம் பொறுப்பார். சென்னையிலிருந்து 600 கி.மீ.க்கு மேல் கடந்து குற்றால சீசனுக்கு வரும் குடும்பம் பொறுக்குமா? என்ஜின் முறுக்கைத் தடுக்கும் ஒரு மவுண்டை மட்டும் கெட்டியாக்கி, மற்றவற்றை ரப்பராகவே விடுவது நடுவழி. கார் எந்தச் சாலைக்கு என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மவுண்ட் அதன் பிறகே.